மூடிய கதவுக்கு எரிந்த விளக்கு

1. பாடாலூர் தாண்டி

சவ வண்டியைச் சவத்தோடு ரோட்டில் நிறுத்திவிட்டு டிரைவர் ஓடிப்போன கதையிலிருந்து ஆரம்பிக்கிறேன். நாலைந்து வருஷம் இருக்கும். பட்டப்பகலில், பாடாலூர் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் நடந்தது.

வண்டி ராஜாமணியுடையது. பெரம்பலூரில் இரண்டு ஆம்புலன்ஸும் ஒரு சவ வண்டியும் வைத்து ஓட்டுகிறவர். சவ வண்டி என்றால் அதற்கென்று செய்து வாங்கியது இல்லை. ஒரு காலத்தில் பள்ளிக்கூடப் பிள்ளைகளை அடைத்துக்கொண்டு திரிந்த பழைய டீசல் வேன்தான். சீட்டையெல்லாம் கழட்டிவிட்டு, தகரத் தரைமேல் பிளைவுட் போட்டு, இடதுபக்கம் ஸ்ட்ரெச்சர் தள்ள இரண்டு இரும்பு ரெயிலும், வலதுபக்கம் சொந்தக்காரர்கள் உட்கார ஒரு பெஞ்சும் வைத்திருந்தார்கள். பள்ளி வேனாக இருந்தபோது பின்கதவு சரியாக மூடாவிட்டால் டிரைவருக்குத் தெரியவேண்டும் என்று டேஷ்போர்டில் ஒரு சிவப்பு விளக்கு வைத்திருந்தார்கள். அது மட்டும் அப்படியே இருந்தது.

அன்றைக்கு வழக்கமான டிரைவர் லீவு. ஆக்டிங் டிரைவராக ஒரு இளவட்டம் போயிருக்கிறான். சொந்தக்காரர்கள் காரில் முன்னால் போய்விட்டார்கள். வண்டியை எடுத்ததும் சிவப்பு விளக்கு எரிந்திருக்கிறது. இறங்கிப் போய்க் கதவை ஓங்கிச் சாத்தினான். மறுபடியும் எரிந்தது. மறுபடியும் சாத்தினான். பாடாலூர் தாண்டி மூன்றாம் முறை கதவைத் திறந்தபோது, வண்டி குலுங்கியதில் துணி விலகி இறந்தவரின் கை வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. அவ்வளவுதான். சாவியை வண்டியிலேயே விட்டுவிட்டு, எதிரே வந்த பஸ்ஸில் ஏறி ஊர் வந்துவிட்டான். "கதவத் தொற, நான் எறங்கணும்னு கைய நீட்டுறாரு சார்" என்று ராஜாமணிக்குப் போன் வேறு. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். இவனுக்கு வெயிலிலேயே தெரிந்திருக்கிறது.

லீவில் இருந்த வழக்கமான டிரைவர் அந்தோணியைப் பைக்கில் ஏற்றிக்கொண்டு போய் அந்த டிரிப்பை முடித்திருக்கிறார் ராஜாமணி. மறுநாள் வண்டி என் கடை வாசலில் நின்றது.

2. பல்பு வைத்தியம்

நான் முப்பது வருஷத்துக்கு மேல் ஆட்டோ எலெக்ட்ரீசியன். பெரம்பலூர் நாலு ரோட்டுப் பக்கம் கடை. இப்போது கண் சரியில்லை, கடையை விட்டுவிட்டேன். ஸ்கேனரைச் செருகி அது காட்டும் கோளாறு எண்ணைப் படித்துவிட்டு மூளையை டூல்பாக்ஸிலேயே வைத்துப் பூட்டும் தம்பிகளுக்காகத்தான் இதை எழுதுகிறேன். பழைய வண்டியில் ஸ்கேனர் செருக இடமில்லை. கரண்ட் வருகிறதா என்று பார்க்கும் டெஸ்ட் லேம்ப் ஒன்று, பொறுமை ஒன்று, இரண்டும் வேண்டும். இரண்டாவது என்னிடம் எப்போதும் கொஞ்சம் குறைச்சல்தான்.

டேஷ்போர்டில் சிவப்பு எரிந்தால் நம் பக்கத்து ஆட்களுக்கு ஒரே வைத்தியம்தான் தெரியும். பல்பைக் கழட்டு. அரியலூர் சுண்ணாம்புக்கல் லாரிக்காரர்கள் இதில் பட்டம் வாங்கியவர்கள். ஆயில் விளக்கு எரிந்தால் பல்பைப் பிடுங்குவார்கள், பிரேக்குக்குக் காற்று குறைந்து பஸ்ஸர் கத்தினால் வயரை வெட்டுவார்கள். அப்படி ஆயில் விளக்குப் பல்பைப் பிடுங்கிய ஒரு லாரி, வி.கைகாட்டி பக்கத்தில் இன்ஜின் ஜாம் ஆகி நடுரோட்டில் நின்றதை நான் போய்ப் பார்த்திருக்கிறேன். "லைட்டே எரியலியேண்ணே" என்றான் அந்த டிரைவர். எப்படிடா எரியும்?

ராஜாமணியும் அதைத்தான் கேட்டார்.

"யோவ் சேகரு, அந்தச் செவப்பு பல்ப புடுங்கி என் கையில குடுத்துரு. எனக்குப் பொழப்பு கெடுது."

"பல்பு புடுங்க நான் எதுக்குய்யா? ஒன் பேரன் புடுங்குவானே."

"நக்கலு பண்ணாத. ரெண்டு வருசமா எரிஞ்சுக்கிட்டு கெடக்கு. ரெண்டு கடையில குடுத்து ரெண்டு தடவ கதவு சுச்ச மாத்தியாச்சு. எலுமிச்சம்பழம் வெச்சாச்சு, பூசணிக்கா ஒடச்சாச்சு. பேய்க்கும் பாத்தாச்சு, நோய்க்கும் பாத்தாச்சு."

அப்போதுதான் பக்கத்தில் நின்ற அந்தோணி வாயைத் திறந்தார். ஒல்லியான ஆள், நாற்பத்தைந்து வயது இருக்கும். வரதராஜன்பேட்டைக்காரர், வேலைக்காகப் பெரம்பலூரில் வாடகை வீட்டில் இருந்தார்.

"பல்ப கழட்ட வேணாம்ணே."

"நீ சும்மா இரு அந்தோணி" என்றார் ராஜாமணி. "எல்லாம் ஒன்னாலதான்யா. லைட்டு எரிஞ்சா ஆவி கூட வருதுன்னு நீ சொல்லப்போயிதானே அந்தப் பய ஓடுனான். பொணத்துக்கிட்ட பேசிக்கிட்டே வண்டி ஓட்டுறியாமே?"

அந்தோணி தலையைக் குனிந்துகொண்டார். ராஜாமணி சாவியை என்னிடம் தந்துவிட்டுப் போய்விட்டார்.

3. வெறும் வண்டி

இந்த விளக்கின் சர்க்யூட்டைத் தெரிந்துகொள்ளுங்கள். பல்புக்கு ஒரு பக்கம் சாவி போட்டதும் கரண்ட் வந்துவிடும். இன்னொரு பக்கத்து வயர் பின்கதவு சுவிட்சுக்குப் போகிறது. கதவு திறந்தால் சுவிட்ச் அந்த வயரை வண்டியின் இரும்போடு சேர்த்துவிடும், அதாவது எர்த் கொடுக்கும். பல்பு எரியும். கதவை மூடினால் எர்த் விட்டுப்போகும், பல்பு அணையும். கதவு மூடியும் எரிகிறது என்றால் சுவிட்சுக்குப் போகிற வழியில் அந்த வயர் எங்கோ இரும்பைத் தொடுகிறது. ஃபியூஸ் போகாது, புகை வராது, விளக்கு எரிவதோடு சரி.

சுவிட்சைப் பார்த்தேன், நன்றாக இருந்தது. டேஷ்போர்டைக் கழட்டிப் பல்பு ஹோல்டரைப் பார்த்தேன். வயரை எட்டிய இடமெல்லாம் ஆட்டிப் பார்த்தேன். வண்டியை ஸ்டார்ட் செய்து ஒரு ரவுண்டு ஓட்டினேன். விளக்கு எரியவில்லை. மதியம் வரை தலைகீழாக நின்றும் எரியவில்லை. கோளாறு வராத வண்டியில் கோளாறு தேடுவதைப்போல எரிச்சல் உலகத்தில் இல்லை. அந்தோணி மேல்தான் பாய்ந்தேன்.

"யோவ், எப்பதான்யா எரியும் இது?"

"ஆளை ஏத்துனா எரியும்ணே. வூட்டுல எறக்குனா அணைஞ்சிரும்."

"எப்பவுமேவா?"

"சின்னப் புள்ளைங்களுக்கு எரியாது. கள்ளங்கபடு இல்லாததுங்க, நேரா ஆண்டவருகிட்ட போயிரும்னு நெனச்சுக்குவேன். பெரியவங்க அப்புடி இல்லண்ணே. வூட்டக் கடசியா ஒரு தடவ பாக்கணும்னு கூடவே வருவாங்க. அதான் எரியுது. நானும் 'இந்தா ஊரு வந்துருச்சு, கொஞ்சம் பொறுத்துக்கங்க'ன்னு பேசிக்கிட்டே போவேன்."

"ஆவி ஏறுனா காட்டுறதுக்கு இது என்ன டிக்கெட் மிசினா?"

அந்தோணி கோபப்படவில்லை.

"எம்பொண்ணுக்கு எரியலண்ணே."

என் கையிலிருந்த டெஸ்ட் லேம்ப் அப்படியே நின்றது. அவர் பெண் இறந்தது எனக்குத் தெரியாது.

ஒரே மகள், பெயர் ஜெனிட்டா. ரத்தத்தில் நோய் வந்து ஒரு வருஷம் படுக்கையில் இருந்திருக்கிறாள். ஆறு மாதம் முன்னால் பெரம்பலூர் ஆஸ்பத்திரியில் இறந்துபோனாள்.

"கடசி நேரத்துல அப்பா எங்க, அப்பா எங்கன்னு கேட்டுக்கிட்டே இருந்தாளாம். நான் அப்ப தா.பழூருக்கு ஒரு பெரியவர ஏத்திக்கிட்டு போயிருந்தேன். அவருக்கு எரிஞ்சிச்சு. அவருகிட்ட பேசிக்கிட்டே போனேன். திரும்பி வந்தா இங்க எல்லாம் முடிஞ்சிருச்சு. ஓனரு வேற ஆளப் போடுறேன்னாரு. எம்புள்ளய நான்தான் ஊருக்குக் கொண்டுட்டுப் போவேன்னு ஏத்துனேன். சாவியப் போட்டேன், லைட்டு எரியல. எறங்கிப் போயி கதவத் தொறந்து பாத்தேன், எரியுது. மூடுனேன், அணைஞ்சிருச்சு. அரியலூரு தாண்டுனேன், ஜெயங்கொண்டம் தாண்டுனேன், எரியவே இல்ல. கூப்புட்டப்ப வராத அப்பன் வண்டியில நான் எதுக்கு வரணும்னு போயிட்டாண்ணே."

"சின்னப் புள்ளைக்கு எரியாதுன்னியே. அப்புடி எடுத்துக்க வேண்டியதுதான?"

"பதினேழு வயசுண்ணே. என் ஒசரம் இருப்பா."

துக்கம் வந்தால் எனக்குக் கோபம்தான் வரும், அது என் புத்தி.

"வயருக்கு ஒம்பொண்ணு யாரு, தா.பழூர்க்காரரு யாருன்னு தெரியுமாய்யா? தொட்டா எரியும், தொடலைன்னா எரியாது. அவ்வளவுதான் அதுக்குத் தெரியும்."

சொல்லி முடித்த பிறகுதான் எனக்கே உறைத்தது. பெரியவர்களை ஏற்றினால் தொடுகிறது. சின்னப் பிள்ளைகளை ஏற்றினால் தொடுவதில்லை. வெறும் வண்டியில் தொடுவதே இல்லை. காலையிலிருந்து நான் வெறும் வண்டியை வைத்துக்கொண்டு மாரடித்திருக்கிறேன்.

4. ஒரு சிப்பமும் ஒரு கேனும்

"ஸ்ட்ரெச்சர் மேல கனம் வெச்சுப் பாக்கணும் அந்தோணி" என்றேன்.

அவர் செருப்பைக் கழட்டிவிட்டு வண்டியில் ஏறி, ஸ்ட்ரெச்சரில் மல்லாந்து படுத்துவிட்டார். நான் வேண்டாம் என்று சொல்ல வாயெடுப்பதற்குள் கைகளை மார்பில் சேர்த்துக்கொண்டார். எத்தனையோ பேரைக் கிடத்தியவர், எப்படிக் கிடக்கவேண்டும் என்று தெரிந்திருக்கிறது. எதிர் டீக்கடையில் நின்றவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். நான் பின்கதவைச் சாத்திவிட்டு, முன்னால் போய்ச் சாவியைப் போட்டேன்.

சிவப்பு விளக்கு எரிந்தது.

"எரியுதாண்ணே?" என்று உள்ளிருந்து குரல் வந்தது.

"எரியுது. எந்திரிச்சு வாய்யா."

அவர் உடனே எழுந்திருக்கவில்லை. கதவைத் திறந்து கையைப் பிடித்து இறக்கிவிட்டேன்.

ஆளை வைத்துப் பார்த்தால் போதாது, எவ்வளவு கனத்துக்குத் தொடுகிறது என்று தெரியவேண்டும். பக்கத்தில் ஜமால் பாயின் அரிசிக்கடை. லெப்பைக்குடிகாட்டுக்காரர். சொந்தக்காரர்கள் பாதிப்பேர் துபாயில் இருக்க, இவர் மட்டும் இங்கே அரிசி விற்றுக்கொண்டிருந்தார். இருபத்தைந்து கிலோ அரிசிச் சிப்பம் இரண்டு வேண்டும், சவ வண்டியில் வைத்துப் பார்க்க என்று சொன்னேன். திட்டுவார் என்றுதான் நினைத்தேன். ஒரு நிமிஷம் யோசித்தார்.

"மவுத்தானவங்களும் சோறு தின்னவங்கதான சேகரு. எடுத்துட்டுப் போ."

ஒரு சிப்பத்தை ஸ்ட்ரெச்சரில் வைத்துக் கதவைச் சாத்தினேன். எரியவில்லை. இரண்டாவது சிப்பத்தை அதன்மேல் வைத்தேன். எரிந்தது. இரண்டாவதை எடுத்தேன், அணைந்தது. கண்டுபிடித்துவிட்ட சந்தோஷத்தில் நான் ஸ்க்ரூ டிரைவரைத் தேட ஆரம்பித்தேன். அந்தோணி நகரவில்லை.

"ஒண்ணுக்கு எரியலியாண்ணே?"

"எரியல. பிளைவுட் அமுங்குற அளவுக்குக் கனம் வேணும்."

"முப்பது கிலோவுக்கு எரியுமா?"

ஏன் கேட்கிறார் என்று எனக்குப் புரியவில்லை.

"கடசியா மருந்து ஏத்துறப்ப ஆஸ்பத்திரியில எட போட்டாங்க. முப்பதுன்னாங்க. மொதல்ல நல்லாத்தான் இருந்தா. ஒரு வருசத்துல கரைஞ்சு போயிட்டாண்ணே."

அவரே என் கடைக்குள் போய், பேட்டரிக்கு ஊற்றும் தண்ணீர் கேனைத் தூக்கிவந்தார். அஞ்சு லிட்டர் கேன். அதைச் சிப்பத்தின்மேல், சரிந்துவிடாதபடி நடுவில் வைத்தார். சிப்பத்தை ஒரு தடவை தடவிக்கொடுத்தார். கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு டிரைவர் சீட்டில் போய் உட்கார்ந்து சாவியைப் போட்டார்.

விளக்கு எரியவில்லை.

வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஜன்னலோரம் நின்றேன்.

"அப்ப எம்மேல கோவம் இல்ல."

"கோவமும் இல்ல, ஒண்ணும் இல்லய்யா. கனம் பத்தல." சொன்னதும் நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

"அப்ப வண்டியிலதான் இருந்தாளாண்ணே?"

எனக்குச் சாமி, ஆவி எதிலும் நம்பிக்கை கிடையாது. எங்கள் வீட்டில் படையல் போடும் நாளில்கூட வடைக்காகத்தான் உட்காருவேன். இந்தக் கேள்விக்கு என் தொழிலில் பதில் இல்லை. ஆனாலும் சொன்னேன்.

"இருந்திருப்பாய்யா. அப்பன வுட்டுட்டு எங்க போவா."

அது அவருக்கு ஆறுதலாக இருக்கும் என்று நினைத்தேன். அவர் முகம் அதற்குப் பிறகுதான் உடைந்தது.

"ஒரு வார்த்த பேசலண்ணே நான். ஊரு பேரு தெரியாதவங்ககிட்டயெல்லாம் பேசிக்கிட்டு போவேன். இவ வரலன்னு நெனச்சு, பெரம்பலூர்லேருந்து வரதராஜன்பேட்ட வரைக்கும் வாயத் தொறக்கல. பின்னாடி அவுங்கம்மா அழுதுக்கிட்டு வந்தா. நான் ரோட்டப் பாத்து ஓட்டுனேன். பேசாமயே கொண்டுபோயி எறக்கிட்டேன்."

ஸ்டியரிங்கைப் பிடித்தபடி சத்தம்போட்டு அழுதார். ஜமால் பாய் கடையைவிட்டு இறங்கிவந்து என் பக்கத்தில் நின்றார். நானும் அழுதேன். அதை எழுத எனக்கு வெட்கமில்லை. இந்தத் தொழிலில் எத்தனையோ கோளாறு பார்த்திருக்கிறேன். கண்டுபிடித்ததற்காக அழுதது அன்று ஒருநாள்தான்.

5. வயர்

வேலை கொஞ்சந்தான். ரெயிலைக் கழட்டிப் பிளைவுட்டைத் தூக்கினேன். பள்ளி வேனைச் சவ வண்டியாக மாற்றியவர்கள், கதவு வயரைப் பக்கச் சுவரோடு கொண்டுபோகச் சோம்பல்பட்டுத் தரைத்தகரத்தின்மேல் அப்படியே போட்டு, அதன்மேல் பிளைவுட்டைப் பரப்பிவிட்டார்கள். ரெயிலின் கால் நிற்கிற இடத்துக்கு நேர் கீழே தகரத்தில் ஒரு மேடு. அந்த மேட்டில் வயரின் தோல் தேய்ந்து, ஒரு நகக்கண் அளவுக்குச் செம்பு பளபளவென்று தெரிந்தது. கனம் ஏறினால் பிளைவுட் அமுங்கிச் செம்பு தகரத்தைத் தொடும். இறக்கினால் பலகை நிமிர்ந்து விட்டுவிடும்.

வெட்டி, ஜாயின்ட் போட்டு, ஸ்லீவ் ஏற்றி, பக்கச் சுவரோரமாகக் கிளிப் அடித்துக் கொண்டுபோனேன். இரண்டு சிப்பத்தையும் ஏற்றி நானும் மேலே உட்கார்ந்துகொண்டு பார்க்கச் சொன்னேன். "எரியலண்ணே" என்றார் அந்தோணி. கதவைத் திறந்தால் எரிந்தது, மூடினால் அணைந்தது.

சாயங்காலம் ராஜாமணி வந்தார்.

"பல்ப புடுங்கிட்டியா?"

"பல்பு அங்கதான் இருக்கு. வயர் தேஞ்சிருந்துச்சு."

"இவ்வளவுதானா? இதுக்கா ரெண்டு வருசம்?"

அந்தோணி வண்டியை எடுத்துக்கொண்டு போனார். அந்த இரண்டு சிப்பத்தையும் பாய் விற்கவில்லை. தன் வீட்டுக்கே கொண்டுபோனார், வீட்டில் ஆக்கித் தின்றார்கள்.

சில மாதம் கழித்து ஹாரன் அடிக்கவில்லை என்று அந்தோணி கடைக்கு வந்தார். ரிலேவை மாற்றிக்கொண்டே, "இப்பவும் பேசறியா?" என்று கேட்டேன்.

"ஏத்துன ஒடனே ஆரம்பிச்சுருவேண்ணே. லைட்டப் பாக்கறதில்ல. பச்சப் புள்ளயா இருந்தாலும் பேசுவேன். வரதராஜன்பேட்டப் பக்கம் டிரிப்பு வந்தா எம்புள்ள கல்லறையில போயி நிக்கிறேன். அங்க நின்னா வாயே வரமாட்டேங்குது. அன்னிக்கு வண்டியில பேசியிருக்கணும்."

வயர்மேன் தம்பிகளே, வண்டியைத் தொடுவதற்கு முன்னால் ஓட்டுகிறவரை உட்காரவைத்து, விளக்கு எப்போது எரிகிறது, எப்போது அணைகிறது என்று கேளுங்கள். அவர் பேயென்று சொன்னாலும் முழுசாகக் கேளுங்கள். எனக்கு முன்னால் இரண்டு கடைக்காரர்கள் அந்த வண்டியைப் பார்த்தார்கள். இரண்டு பேரும் கேட்காமலே சுவிட்சை மாற்றி அனுப்பினார்கள். அவர்களில் ஒருவன் கேட்டிருந்தால் அந்த விளக்கு அப்போதே அணைந்திருக்கும். அந்தோணியும் அரியலூர் ரோட்டில் தன் மகளோடு பேசிக்கொண்டே போயிருப்பார்.